நாய்க்கும் ஒரு டிக்கெட்

மழை நாளில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் நாயை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போனால், பார்க்கிறவர்கள் எல்லோரும் திடீரென்று ஜீவகாருண்ய சீலர்களாகிவிடுகிறார்கள். "பாவி, வாயில்லா ஜீவனை இப்படி வதைக்கிறானே!" என்கிறார்கள். இந்தக் கருணையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு. அப்படி ஏச்சு வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

ஓர் ஐப்பசி மாதத்தில், சென்னையில் குடியிருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு நாங்கள் திருநெல்வேலிக்குப் போக நேர்ந்தது. சாமான்கள் லாரியில் ஏறின. மனைவியும் குழந்தைகளும் ரயில் ஏறினார்கள். மிச்சம் நின்றது மணி. வயது 9, எடை 14 கிலோ, ஜாதி என்னவென்று கேட்டால் 'தெரு' என்று பதில் சொல்ல வேண்டிய நாய். பஸ்காரரிடம் கேட்டேன், சிரித்தார். டாக்சிக்காரர் ஒரு தொகை சொன்னார். அப்போது நான் சிரித்தேன்.

ரயில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஐயா! அதன் விதியையும் கேளுங்கள். குளிர்சாதன முதல் வகுப்பில் இரண்டு படுக்கை கொண்ட கூப்பேயையோ, நான்கு படுக்கை கொண்ட அறையையோ முழுவதும் உங்கள் பெயரிலேயே எடுத்துக்கொண்டால், உங்கள் நாய் உங்களோடு சொகுசாக வரலாம். இரண்டாம் வகுப்பிலோ, சாதாரணப் படுக்கை வண்டியிலோ, குளிர்சாதன இரண்டடுக்கு, மூன்றடுக்கிலோ அதற்கு இடம் கிடையாது. அவற்றில் போகிறவனின் நாய், பார்சல் ஆபீசில் பதிவாகி, கார்டு வண்டியில் உள்ள கூண்டுக்குள் போக வேண்டும். எஜமானன் ஒரு பெட்டியில், நாய் வண்டியின் கோடியில். வழியில் அதற்குச் சோறும் தண்ணீரும் கொடுக்க வேண்டிய பொறுப்பு எஜமானனுடையது. வண்டி இரண்டு நிமிஷம் நிற்கிற ஸ்டேஷனில் அவன் பிளாட்பாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடி, அந்தப் பொறுப்பை நிறைவேற்ற வேண்டும். இரும்புச் சத்தமும் இருட்டும் அறிமுகமில்லாத கிழட்டு நாய் அந்தக் கூண்டில் ஓர் இரவைக் கழிப்பதைவிட, என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பகல் இருப்பதே மேல் என்று தீர்மானித்தேன்.

மோட்டார் சைக்கிளில் நாயை ஏற்றுவது விளையாட்டல்ல. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் அது உஷ்ணத்தைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே பைக்குள் போட்டு மூடினால் ஆபத்து. பெட்ரோல் டாங்கியின் மேல் உட்கார வைத்தால், கீழே எஞ்சின் சூடு, எதிரே காற்றும் புழுதியும். மழை பெய்தாலோ ஒவ்வொரு துளியும் கண்ணில் கல்லாக விழும். கழுத்தில் சங்கிலி போட்டு வண்டியோடு கட்டுவது தூக்குக் கயிறு மாட்டுவதற்குச் சமம். இவற்றையெல்லாம் கால்நடை வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, பின் ஸீட்டின் மேல் பலகைப் பெட்டி ஒன்றைப் பொருத்தினேன். அடியில் சாக்கு, மேலே கம்பி வளைத்துத் தார்ப்பாய், பக்கங்களில் காற்றுக்குத் துவாரம், நெஞ்சைச் சுற்றி அகலமான வார்ப்பட்டை. மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. 40 கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி இறக்கி நடக்க விடுவது. காதையும் கால் விரல் இடுக்குகளையும் துவட்டுவது. 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை. இரண்டு முழுப் பகல்.

தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கிற மழையில் ஏறக்குறையப் பாதி, ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கிற மழை. திண்டிவனம் தாண்டியதும் அது எங்களைப் பிடித்துக்கொண்டது. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் ஒரு டீக்கடையில் ஒதுங்கி, மணியைத் துவட்டிக்கொண்டிருந்தேன். பெரிய கார் ஒன்று வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஒரு கனவான் கேட்டார்:

"ஏன் சார், இந்த மழையிலே நாயை இப்படிக் கொண்டுபோறீங்களே, பாவமில்லையா?"

"பாவந்தான் சார். நீங்க திருச்சி வழியாத்தானே போறீங்க? பின் ஸீட் காலியா இருக்கு. இவனை ஏத்திக்குங்க, திருச்சியிலே வந்து வாங்கிக்கிறேன்" என்றேன்.

அவர் பின் ஸீட்டைத் திரும்பிப் பார்த்தார். "ஸீட் கவர் இப்பத்தான் மாத்தினது..." என்றார். கண்ணாடி மேலே ஏறிவிட்டது.

அந்தக் கனவானிடம் எனக்குக் கோபமில்லை. நம் சமூகத்தின் கருணை எத்தனை அங்குலம் என்பதை அளந்து காட்டினாரே, அதற்கு நன்றியே செலுத்துகிறேன். அன்றிரவு திருச்சியில் இரண்டு லாட்ஜுகள், நாயென்றதும் அறையில்லை என்று கைவிரித்தன. மூன்றாவது இடத்தில் இரவுக் காவல்காரர், "சைக்கிள் ஸ்டாண்டிலே படுக்க வைங்க சார், நான் பார்த்துக்கிறேன்" என்றார். அவரிடம் ஸீட் கவர் இல்லை.

வேடிக்கைக்காக நாயைக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். டாங்கியின் மேல் நாயை நிறுத்தி, அதற்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பறக்கிற வேகத்தில் படம் பிடித்து ஊருக்குக் காட்டுகிறவர்கள். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அது வதைதான். ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் போராடியதன் பயனாக 1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம், மிருகத்துக்கு வீண் துன்பம் தரும்படி அதைக் கொண்டுசெல்வதைக் குற்றமென்கிறது. முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இருக்கட்டும். ஆனால் நாயைத் துன்பமில்லாமல் கொண்டுபோக வழி கேட்கிற ஏழைக்கு, எல்லாக் கதவையும் சாத்திவிட்டு நிற்கிறோமே, அந்தக் குற்றத்துக்கு எந்தச் சட்டத்தில் அபராதம்?

"மனிதனுக்கே உட்கார இடமில்லை, நாய்க்கு ஒரு கேடா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விபோல் தோன்றும். ஆனால் நாய்க்கு நம் ரயிலில் ஏற்கெனவே இடம் கொடுத்தாகிவிட்டதே! இரண்டு முதல் வகுப்புப் படுக்கைக்குப் பணம் கட்டக்கூடியவனின் நாய்க்கு மெத்தையே உண்டு. ஆகவே வழக்கு மனிதனுக்கும் நாய்க்கும் நடுவில் அல்ல. பணக்காரன் வீட்டு நாய்க்கும் ஏழை வீட்டு நாய்க்கும் நடுவில்தான். முதல் வகுப்பில் ஏறினால் கடிக்காத நாய், மூன்றடுக்கில் ஏறினால் மட்டும் கடித்துவிடுமா?

கடிக்கு நான் அஞ்சாதவனல்ல. வெறிநாய்க் கடி உயிரைக் குடிக்கும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் தடுப்பூசிச் சான்றிதழ் கேளுங்கள், வாய்க்கூடு போடச் சொல்லுங்கள், சங்கிலி கேளுங்கள், கட்டணமும் கேளுங்கள் என்கிறேன். வண்டிக்கு வண்டி வேண்டாம். நாளுக்கு ஒரு வண்டியில், கடைசிப் பெட்டியில் ஒரு மூலை போதும். நாய்க்குப் பயந்தவர்கள் வேறு பெட்டியில் ஏறிக்கொள்ளட்டும். பிரிட்டனில் ரயில் பிரயாணி ஒருவர் இரண்டு நாய்கள் வரை காசில்லாமலே தம்மோடு அழைத்துச் செல்லலாம். அங்கே ரயில் தண்டவாளத்தைவிட்டு இறங்கிவிடவில்லை.

இது ஏதோ நாய்ப் பைத்தியத்தின் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். மாற்றல் உத்தரவு வந்து ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போன பிறகு, பூட்டிய கதவுக்கு முன்னால் படுத்திருக்கிற நாயை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். அந்தக் குடும்பத்தார் எல்லோரும் கல் நெஞ்சர்கள் அல்லர். கொண்டுபோக வழி இல்லாமல் விட்டுப் போனவர்கள் அவர்களில் உண்டு. பிறகு அதே நாயைத் 'தெரு நாய்த் தொல்லை' என்று நாமே மனு எழுதுகிறோம்.

தருமபுத்திரர் கதை நமக்குத் தெரியும். இந்திரன் ரதத்தோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறு என்றான். நாயில்லாமல் எனக்குச் சுவர்க்கமும் வேண்டாம் என்றார் அவர். அதைக் கதாகாலட்சேபத்தில் கேட்டு நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் இந்திரனின் கட்சியில் போய் நிற்கிறோம். தருமருக்கு அடம் பிடிக்கவாவது வாசலில் ஒரு ரதம் நின்றது. ரதமே இல்லாதவன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறான். அவனைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்கள் முதலில் அந்த நாய்க்கு ஒரு டிக்கெட் கேட்டு ரயில்வேக்கு எழுதட்டும். அதுவரை அவனுக்கு உபதேசம் வேண்டாம். ஒதுங்க ஒரு கூரையும் துவட்ட ஒரு துணியும் கொடுத்தால் போதும்.