பெயர் பிழைத்தது, பேனா பிழைத்ததா?

பெயருக்கு உயிர் உண்டா? உண்டு என்றுதான் வணிகர் நம்புகின்றனர். தொழிற்சாலை மூடப்படும்; பொறிகள் பழைய இரும்பாய் எடைக்குப் போகும்; தொழிலாளர் வீடு திரும்புவர். ஆயினும் பெயர் மட்டும் பத்திரப் பெட்டிக்குள் உறங்கிக் கிடக்கும். அரை நூற்றாண்டு சென்ற பின் எவரோ ஒருவர் அதைத் தட்டி எழுப்புவார். "உங்கள் பாட்டனார் எழுதிய பேனா மீண்டும் வந்துவிட்டது!" என்று விளம்பரம் பறையறையும். மீண்டு வந்தது பேனாவா, பெயரா? இதுவே நான் எழுப்பும் வினா.

இஃது ஒரு பேனாவைப் பற்றிய சண்டைதானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். சிறு பொருளில்தான் பெரிய வழக்குகள் ஒளிந்திருக்கும்.

பார்க்கர் 51 என்ற ஊற்றுப் பேனாவை அறியாத முதியவர் நம் நாட்டில் அரியர். அமெரிக்காவில் ஜேன்ஸ்வில் என்ற ஊரில் 1888 இல் தோன்றிய நிறுவனம், 1941 இல் அதைப் பரவலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் 51 ஆம் ஆண்டான 1939 ஐ நினைவூட்டவே அந்த எண். அந்நாளில் அது அழகுப் பொருள் மட்டும் அன்று. ஒரு விஞ்ஞானச் சிக்கலுக்கு விடை. விரைவில் உலரும் மை ஒன்றை அந்நிறுவனம் ஆக்கியது. அது காரத்தன்மை மிக்கது. அக்காலப் பேனாக்களின் செல்லுலாய்டு உடல் அந்தக் காரத்தைத் தாங்கவில்லை. எனவே லூசைட்டு என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் உடல் செய்தனர். விரைவில் உலரும் மை நிப்பிலேயே உலர்ந்துவிட்டால் எழுதுவது எப்படி? ஆகவே நிப்பைக் கூட்டுக்குள் மறைத்து, முனையை மட்டும் வெளியே விட்டனர். மூடியோ திருக வேண்டாதது. வைத்து அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். 1948 இல் மை உறிஞ்சும் முறையையும் எளிதாக்கினர். வேதியியல் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பேனாவின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணம் இருந்தது.

1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றது. 2021 இல் அதே பெயர், ஏறத்தாழ அதே தோற்றம், மீண்டும் கடைக்கு வந்தது. பேனா சேகரிப்போர் உலகம் இரண்டுபட்டது.

ஓர் அணியினர் கொதித்தனர். மூடியைத் திருக வேண்டியிருக்கிறதே. ஒரு சொடுக்கில் திறந்து மூடும் அந்தச் சுகம் எங்கே என்றனர். மை உறிஞ்சும் பழைய அமைப்பு போய், மைக்குப்பி மாற்றும் பொது அமைப்பு வந்துவிட்டதே என்றனர். பழைய பேனாவின் ஓர் உறுப்பும் புதியதில் பொருந்தாது. புதியதற்குக் கேட்கும் விலையில், நன்றாய் எழுதும் பழையதையே வாங்கிவிடலாமே என்று கணக்கும் காட்டினர். சீனத்தில் வேறு பெயரில் செய்து மலிவாக விற்கும் விங் சங் 601 பழைய பார்க்கருக்கு இதைவிட நெருக்கமாக இருக்கிறதே என்ற கேலியும் எழுந்தது. பெயர் உள்ளவரிடம் வடிவம் இல்லை. வடிவம் உள்ளவரிடம் பெயர் இல்லை. என்னே விந்தை!

மற்றோர் அணியினர் அமைதியாய்ப் பேசினர். பழையதோடு ஒப்பிடாமல் எழுதிப் பாருங்கள். நன்றாகத்தானே எழுதுகிறது என்றனர். பெயரைக் கேட்டு ஓர் இளைஞன் மைப்பேனாவின் பக்கம் திரும்பினால் அதுவே ஆதாயம் அன்றோ என்றனர்.

இருவர் வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் தீர்ப்புச் சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். அதற்கு இன்னொரு பேனாவின் வரலாறு உதவும்.

ரிச்சர்டு எஸ்டர்புரூக் என்பவர் 1858 இல் அமெரிக்காவின் காம்டன் நகரில் எஃகு நிப்புத் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் அவர் பெயர் தாங்கிய நிறுவனம், ஆசிரியரும் எழுத்தரும் மாணவரும் வாங்கக்கூடிய விலையில் பேனாக்கள் செய்தது. அவற்றின் சிறப்பு நிப்பில் இருந்தது. மரையைக் கழற்றிப் பழைய நிப்பை எடுத்துவிட்டு, வேண்டிய நிப்பை யாரும் தாமே பொருத்திக்கொள்ளலாம். கணக்கு எழுத ஒன்று, கையெழுத்திட ஒன்று, படி எடுக்க ஒன்று என எத்தனையோ வகை. அந்நிறுவனமும் 1970களின் தொடக்கத்தில் மறைந்தது. 2014 இல் ஒருவர் பெயரை மட்டும் எடுத்துப் பேனா விற்றார். பழையதற்கும் அதற்கும் உறவே இல்லை என்று சேகரிப்போர் முகம் சுளித்தனர். 2018 இல் கென்ரோ என்ற நிறுவனம் அப்பெயரை வாங்கியது. அது செய்த புதிய பேனாவும் பழையதன் நகல் அன்று. விலையும் ஏழைக்கு ஏற்றதன்று. ஆனால் ஒரு சிறு இணைப்புக் குழலை அது விற்பனைக்குத் தந்தது. அதைப் பொருத்தினால், பாட்டன் காலத்து நிப்பு பேரன் வாங்கிய பேனாவில் எழுதும். அதன் பின்னர் சேகரிப்போரின் சினம் பெரிதும் தணிந்தது.

நண்பர்களே, இங்கேதான் என் அளவுகோல் கிடைக்கிறது. பழையதைப் போல் தோன்றுவது மீட்சி அன்று; பழையதோடு பொருந்துவதே மீட்சி. முகத்தை வரைந்து வைப்பவன் ஓவியன். கையைப் பிடித்துக்கொள்பவனே உறவினன்.

பெயரும் பொருளும் பிரிவது எப்படி இருக்கும் என்பதை எல்லைப்புறத் தமிழரிடம் கேட்க வேண்டும். என் பாட்டனார் தேனிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மலையேறி, மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியேறியவர். 1956 நவம்பர் 1 இல் தேவிகுளமும் பீர்மேடும் இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் மறைந்தது. சென்னை மாநிலத்தில் இருந்த பாலக்காடும் அவற்றோடு சேர்ந்து கேரளம் ஆயிற்று. 1972 இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. பெயர்ப்பலகைகள் மாறின, கொழுந்து கிள்ளிய கைகள் மாறவில்லை. பேனாவின் கதையோ இதற்கு மறுதலை. பலகை அப்படியே இருக்கிறது; கைகள்தாம் மாறிவிட்டன. ஆகவே பலகையைக் கண்டு மயங்குவதும் எங்களுக்கு வராது. பலகை மாறியதால் எல்லாம் போயிற்று என்று அழுவதும் எங்களுக்கு வராது. உள்ளே யார் இருக்கிறார், என்ன செய்கிறார் என்றே கேட்போம்.

லயங்களில் பேனா ஆடம்பரம் அன்று. எழுதத் தெரிந்த ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் ஆட்கள் கூடுவர். "தம்பி, ஊருக்கு ரெண்டு வரி எழுதிக் குடுப்பா" என்பார்கள். பிறப்பும் இறப்பும் கலியாணமும் கடனும் அந்த ஒரு நிப்பின் வழியாகவே மலை இறங்கின என்று என் பாட்டனார் சொல்வார். நிப்பு தேய்ந்தால் புது நிப்பு. பேனாவை எறிவது என்ற பேச்சே இல்லை.

அந்த நிப்புகளுக்கு நம்மிடமே ஓர் ஊர் இருந்தது. சாத்தூர் என்றவுடன் இன்று காராச்சேவு நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் அவ்வூரே பெயர் பெற்றது. குடிசைத் தொழிலாய்ப் பரவி, பலருக்குச் சோறு போட்டது. பால்பாயிண்டுப் பேனா பெருகியதும் அத்தொழில் நலிந்தது. ஜேன்ஸ்வில்லுக்காகக் கண்ணீர் வடிக்கும் நம் சேகரிப்போரிடம் கேட்கிறேன்: சாத்தூருக்காக ஒரு துளி உண்டா?

மடியாமல் நின்றவையும் உண்டு. ராஜமுந்திரியில் 1932 இல் தொடங்கிய ரத்தினம் பேனாவை 1935 இல் காந்தியடிகள் கடிதம் எழுதிப் பாராட்டினார். சென்னை ஜெம் அண்டு கோவின் காமா பேனாவும், திருவள்ளூர் ரங்கா பேனாவும் கையால் கடைந்து செய்யப்படுபவை. கடல் கடந்தும் அவற்றை விரும்பி வாங்குகின்றனர். மை வேண்டுமா? நம் பாலக்காட்டு மாவட்டத்திலேயே கிருஷ்ணா என்ற பெயரில் மை செய்கின்றனர்.

இப்பேனாக்கள் பலவற்றின் உடல் எபோனைட்டு. அது வேறொன்றும் அன்று, ரப்பரும் கந்தகமும். வண்டிச் சக்கரத்து ரப்பருக்குச் சில விழுக்காடு கந்தகம் போதும். அதையே ஏறத்தாழ 30 விழுக்காடாக்கி நெடுநேரம் சூடேற்றினால், மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கப் பிணைந்து, இழுபடும் ரப்பர் கொம்பு போல் இறுகிவிடும். இந்தியாவில் ரப்பர் விளைச்சலில் முதலிடம் கேரளத்துக்கு. ரப்பர் மரத்தின் நிழலில் படித்துக்கொண்டு, எறியப் போகும் பிளாஸ்டிக் பேனாவால் அந்தப் பாடத்தை எழுதுகிறோம். இது முரண் அன்றோ?

சேகரிப்போர் மீது எனக்கு மதிப்பு உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் பழைய பேனா எப்படி இருந்தது என்று சொல்லவே ஆள் இராது. வணிகர் சொன்னதே வரலாறு ஆகிவிடும். புதியதன் குறைகளை அவர்கள் உரக்கச் சொன்னது நல்ல தொண்டு. ஆனால் ஒன்று சொல்வேன். பட்டுத்துணி விரித்த பெட்டியில் நூறு பேனாக்களைப் பூட்டி வைத்துவிட்டு, "புதியதில் உயிர் இல்லை" என்று குறை கூறுவது பொருந்துமா? மை காணாத பேனாவில் மட்டும் உயிர் இருக்கிறதா? பெயரை விற்பவர் பேனாவை மறந்தார். பேனாவைப் பூட்டியவர் எழுத்தை மறந்தார்.

ஆகவே, பழம்பெயர் எது மீண்டு வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்போம். பழையதன் உறுப்பு ஒன்றாவது இதில் பொருந்துமா, அல்லது பழுதானால் நம்மூர்க் கடையில் சரிசெய்ய முடியுமா? எங்கே, யார் கையால் செய்தது என்று மறைக்காமல் சொல்கிறார்களா? எழுதிப் பிழைப்பவர் வாங்கக்கூடிய விலையில் ஒன்றாவது உண்டா? மூன்றுக்கும் இல்லை என்றால், அது மீட்சி அன்று. கல்லறையில் இருந்து எடுத்த பெயர்ப்பலகை.

நம் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். நகரத்துத் தெருவோரத்தில் பேனா பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரையேனும் ஒரு மாலை இங்கே அழைப்போம். மாணவர் தம் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பேனாக்களைக் கொண்டு வரட்டும். அவர் நிப்பைக் கழுவட்டும், நாக்கைச் சரிசெய்யட்டும், உரிய கூலியை நாம் தருவோம். கைத்தொழிலைக் கண்ணால் கண்டவன் விளம்பரத்துக்கு எளிதில் ஏமாற மாட்டான். அன்று மையேறிய பேனாவால் ஒவ்வொருவரும் ஊருக்கு ஒரு கடிதம், தமிழில், எழுதி அனுப்புவோம்.