உடுக்கை அடித்தவர் யார்?

விலை ஏறுவதும் இறங்குவதும் மழையும் வெயிலும் போல என்று பொருளாதாரப் பண்டிதர்கள் சொல்கிறார்கள். கிராக்கி கூடினால் ஏறும். வரத்துக் கூடினால் இறங்கும். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை என்பது அவர்கள் கட்சி. மழையை யாராவது கோபித்துக்கொள்வதுண்டா? ஆகவே, விலையையும் கோபித்துக்கொள்ளக் கூடாதாம்!

இந்த உபதேசத்தை அமெரிக்காவில் வீடு கட்டப் புறப்பட்ட குடும்பங்களிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். அங்கே பெரும்பாலான வீடுகள் மரச் சட்டங்களின் மேல்தான் நிற்கின்றன. சுவரும் தளமும் கூரையும் மரம். 'ஆயிரம் பலகையடி' என்பது அவர்கள் அளவை. நம் மரக்கடைக் கணக்கில் சுமார் 83 கன அடி. சிக்காகோ முன்பேரச் சந்தையில் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அதன் விலை 300 டாலருக்கும் கீழே கிடந்தது. 2021 மே மாதத்தில் 1,600-ஐத் தாண்டியது. ஆகஸ்டில் 500-க்குக் கீழே விழுந்தது. 2022 மார்ச்சில் மறுபடியும் 1,300-க்கு மேல். அந்த வருஷக் கடைசியில் 400-க்கும் கீழே! ஒரு பைன் மரம் வளர்ந்து சட்டம் அறுக்கும் பருவத்துக்கு வர 25, 30 வருஷம் ஆகிறது. இத்தனை நிதானமாக வளரும் பொருள் இப்படிச் சாமி வந்து ஆடுகிறதென்றால், உடுக்கை அடித்தவர் யார் என்று நான் கேட்கத்தான் கேட்பேன்.

கொரோனா வந்ததும், இனி யார் வீடு கட்டப் போகிறார்கள் என்று ஆலைக்காரர்கள் அறுவையைக் குறைத்தார்கள். ஜனங்களோ வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்து, வட்டியும் மலிவாக இருக்கவே, இடிக்கவும் கட்டவும் கிளம்பிவிட்டார்கள். போதாக்குறைக்கு, கனடா மரத்துக்கு 2017 முதல் அமெரிக்க சர்க்கார் போட்டுவந்த வரி. இத்தனை கூத்துக்குப் பிறகும், 2021 நவம்பரில் அதை ஏறக்குறைய 9 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். இதில் எது மழை, எது வெயில்? அறுவையைக் குறைத்ததும் மனிதன். வரி போட்டதும் மனிதன்.

மரம் வளர்த்தவனாவது பிழைத்தானே என்று திருப்திப்படலாமா? அதற்கும் இடமில்லை. தென் மாகாணங்களில் தோப்பு வைத்திருந்தவர்களுக்கு, நிற்கிற மரத்தின் விலை அசைந்தே கொடுக்கவில்லை. அங்கே மரம் மிஞ்சிக் கிடந்தது. அறுக்கத்தான் ஆலை போதவில்லை. வளர்த்தவனுக்கும் இல்லை, குடியிருக்கப் போகிறவனுக்கும் இல்லை. கொழுத்த லாபம் நடுவிலே நின்ற ஆலைக்கு!

"அதிக விலைக்கு மருந்து அதிக விலைதான்" என்று பண்டிதர்கள் இன்னொரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். விலை தானாகவே இறங்கவில்லையா என்கிறார்கள். இறங்கியது, வாஸ்தவம். ஆனால், மர விலை ஏறியதால் மட்டும் ஒரு புது வீட்டின் விலை ஏறக்குறைய 36,000 டாலர் கூடிவிட்டதென்று அந்நாட்டு வீடு கட்டுவோர் சங்கம் 2021 ஏப்ரலில் கணக்குச் சொன்னது. அப்போது 30 வருஷத் தவணையில் கடன்பட்டு வாங்கியவன், மரம் மலிந்த பிறகும் அந்த விலைக்குத்தான் வட்டி கட்டுகிறான். மருந்து வேலை செய்தது, குணமானவன் வேறொருவன்.

முதலாளிக்குக் கையிருப்பு உண்டு, முன்பேரம் உண்டு. இந்த மாதம் விட்டதை அடுத்த மாதம் பிடித்துக்கொள்வார். ஆயுளில் ஒரே வீடு கட்டுகிறவனுக்கு என்ன உண்டு? மர விலை ஏறினால் வாங்குகிறவர் தர வேண்டும் என்று அந்த நாட்களில் ஒப்பந்தங்களில் ஷரத்துச் சேர்த்தார்கள். ஏறினால் நீ கொடு என்று எழுதத் தெரிந்த கை, இறங்கினால் நான் தருகிறேன் என்றும் எழுதட்டும். அப்போது விலையும் மழைதான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். மழையென்றால் எல்லார் தலையிலும் பெய்ய வேண்டும்.