சத்தம் வரவில்லை என்றால் உடனே மதர்போர்டா?

என் அக்கா புதுச்சேரியில் இருக்கிறார். 81 வயது. கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. கை நடுக்கத்தால் போனைப் பிடிக்க முடியாது. ஞாயிறுதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் பேரன் லேப்டாப்பை எதிரே வைத்துவிட்டுப் போவான். இந்தப் பக்கம் திருவொற்றியூரில் நான் என் லேப்டாப்பைத் திறந்து உட்காருவேன். இருவரும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். இந்த வயதில் என்னோடு பிரெஞ்சு பேச வேறு யார் இருக்கிறார்கள்?

போன மாதம் ஒரு ஞாயிறு. அக்காவின் உதடு அசைகிறது, சத்தம் இல்லை. நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது. அவர் பேசுவது எனக்கு வரவில்லை. "கேக்கல அக்கா, கேக்கல" என்று நான் கத்த, தம்பிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். இந்தக் கதை ஒரு கடையின் கதை அல்ல. கவுண்டரில் இருந்த பையன் ஆன் செய்தான், ஒரு பாட்டைப் போட்டான், காதை வைத்துப் பார்த்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"சார், போர்டு பூட்ச்சு சார். மாத்தணும்னா பதினோராயிரம் ஆவும். பழைய மாடல், பேசாம புதுசா வாங்கிடுங்க."

நான் ஓய்வூதியக்காரன். பதினோராயிரம் என்றால் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கும் தொகை இல்லை. வீட்டுக்குத் திரும்பினேன்.

மாடி வீட்டுப் பெண் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். படிக்கட்டில் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா தாத்தா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றாள். சொன்னேன். அவள் லேப்டாப்பைத் தொடவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டாள். "எப்போலேர்ந்து வர்ல? அதுக்கு முன்னாடி இன்னா பண்ணே?"

யோசித்துப் பார்த்தேன். சனிக்கிழமை ராத்திரி இயர்போன் மாட்டி ஒரு பழைய படம் பார்த்தேன். பிறகு பிடுங்கி வைத்தேன். அவ்வளவுதான்.

திரையின் வலது கீழ்மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டாள். சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று அங்கே காட்டும். 'ஹெட்போன்' என்று இருந்தது. மாட்டாத ஹெட்போனுக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கிறது! என் இயர்போனை வாங்கி மாட்டினாள். பாட்டு கணீரென்று கேட்டது. "போர்டு பூட்ச்சுன்னா இது எப்டி தாத்தா கேக்கும்?"

விஷயம் இதுதான். இயர்போன் மாட்டும் துளைக்குள் மெல்லிய ஸ்பிரிங் போன்ற ஒரு தொடுமுனை உண்டு. பின் உள்ளே போனால் அது நகர்ந்து, 'இயர்போன் வந்துவிட்டது, ஸ்பீக்கரை நிறுத்து' என்று சேதி சொல்லும். பின்னைப் பிடுங்கிய பிறகும் அது பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால், இயர்போன் இன்னும் இருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் கடல் உப்புக்காற்று ஒரு பக்கம், எண்ணூர் சாலை கன்டெய்னர் லாரிகளின் தூசு மறுபக்கம். ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும்போது இந்தத் துளை எம்மாத்திரம்? அவள் லேப்டாப்பை அணைத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் துளி ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாள். நன்றாகக் காய்ந்ததும் பின்னைப் பத்து தடவை சொருகிச் சொருகி எடுத்தாள். சத்தம் வந்துவிட்டது. செலவு ஒரு பஞ்சுக்குச்சி.

இனி என் வழக்கு.

அந்தப் பையனுக்குத் தொழில் தெரியாது என்று நான் சொல்லவில்லை. கடையில் நூறு இயர்போன் தொங்குகிறது. அதில் ஒன்றை எடுத்து மாட்டியிருந்தால் அரை நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். மாட்டவில்லை. ஏன்? விடை தெரிவதில் அவனுக்கு லாபம் இல்லை. போர்டு விற்றால் லாபம்.

எங்கள் பள்ளி முசியே 1637-இல் வெளிவந்த தெக்கார்த்தின் 'முறைமை பற்றிய உரை' நூலை வைத்துக்கொண்டு எங்கள் பிராணனை வாங்குவார். சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரி, எளியதிலிருந்து கடினத்துக்குப் போ என்பது அதன் சாரம். அரசு அலுவலகத்தில் கிளார்க்காக நான் செய்ததும் அதுதான். ஃபைல் காணவில்லை என்றால் முதலில் என் மேஜை, பிறகு பக்கத்து செக்ஷன், கடைசியில் ரிக்கார்டு ரூம். எடுத்த எடுப்பில் ரிக்கார்டு ரூமை இடித்துப் பார்ப்பவனை என்ன சொல்வோம்?

லேப்டாப்புக்கும் அதே வரிசைதான். மியூட் ஆகியிருக்கிறதா பார். ஒரு பாட்டைப் போடு. பாட்டு கேட்டு, பேச்சு மட்டும் கேட்கவில்லை என்றால் கோளாறு பேசும் செயலியின் அமைப்பில். சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று பார். இயர்போனை மாட்டிப் பார். அணைத்துப் போடு. அப்டேட் ஆன பிறகு போனதென்றால் சவுண்டு டிரைவரைப் பழையதற்கு மாற்று. இதுவரை காலணா செலவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர், ஸ்பீக்கர், அதன் வயர். மதர்போர்டு கடைசி.

"கடை வாடகை யார் கொடுப்பது? பஞ்சுக்குச்சிக்கு எவன் காசு தருவான்?" என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. குற்றவாளிக் கூண்டில் நாமும் நிற்கவேண்டிய இடம் இது. டாக்டர் நாடி பிடித்து 'ஒன்றுமில்லை' என்றால் ஃபீஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். மெக்கானிக் 'ஒன்றுமில்லை, இருநூறு கொடுங்கள்' என்றால் சண்டைக்குப் போகிறோம். மூளைக்குக் காசு தரமாட்டோம், சாமானுக்குத் தருவோம் என்றால் அவர்கள் சாமானைத்தானே விற்பார்கள்? பார்ப்பதற்கு இவ்வளவு என்று கடைக்காரர் போர்டு எழுதி வைக்கட்டும். முதல் ஆளாக நான் கொடுக்கிறேன்.

பிரான்சில் 2021 ஜனவரியில், லேப்டாப், செல்போன், டிவி போன்றவற்றை விற்கும்போது, எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மார்க் போட்டு விலையோடு காட்டவேண்டும் என்று விதி வந்தது. நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-இல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் நம் தெருக் கடையின் கவுண்டர் வரைக்கும் அது வந்து சேரவில்லை.

அவசரப்பட்டுத் தூக்கிப் போடும் போர்டும் லேப்டாப்பும் எங்கே போகும்? காயலான் கடைக்கு. செம்புக்காக வயரைக் கொளுத்தும் நாற்றம் வட சென்னைக்காரன் மூக்குக்குப் புதிதல்ல. எண்ணூரில் அனல்மின் சாம்பல், கொடுங்கையூரில் ஊர்க் குப்பை என்று ஏற்கனவே சுமக்கிறோம். நல்ல நிலையில் இருக்கும் போர்டையும் ஏன் அதில் சேர்க்கவேண்டும்?

மாடி வீட்டுப் பெண்ணிடம் இருநூறு ரூபாயை நீட்டினேன். "போ தாத்தா" என்று சிரித்தாள். வற்புறுத்திக் கையில் திணித்தேன். அது பஞ்சுக்குச்சிக்கு அல்ல, அவள் முதலில் கேட்ட அந்தக் கேள்விக்கு.

அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கு அக்கா கேட்டார்: "தம்பி, ஒனக்குக் காது கேக்குதா?"

கேட்கிறது அக்கா. நன்றாகவே கேட்கிறது.