கடல் ஏறுகிறது, ஏரியைக் காப்போம்

துருவப் பனி உருகுகிறது என்றால், "அதற்கும் என் அரைக்காணி நிலத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று புதுச்சேரி விவசாயிகள் கேட்பது இயல்பே. சம்பந்தம் உண்டு. அது நம் கிணற்றில் இருக்கிறது.

கடலில் மிதக்கும் பனிக்கட்டி உருகுவதால் கடல்மட்டம் அநேகமாக உயர்வதில்லை. கிரீன்லாந்து, அண்டார்டிகா ஆகிய நிலப்பரப்புகளிலும் மலைகளிலும் உள்ள பனி உருகிக் கடலில் சேர்வதாலும், வெப்பத்தால் கடல்நீர் விரிவதாலுமே உயர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு சாண் உயர்ந்துள்ளது.

ஒரு சாண்தானே என்று இருந்துவிடக் கூடாது. கரையோர மண்ணுக்கடியில் இலேசான நன்னீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால், அதன்கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. அந்த ஓர் அடி குறைந்தால் உப்புநீர் 40 அடி மேலேறும். உயரும் கடல் உப்புநீரை வெளியிலிருந்து தள்ளுகிறது. நம் பம்புசெட்டுகள் அதை உள்ளிருந்து இழுக்கின்றன. தள்ளுவதைவிட இழுப்பதுதான் வேகம்.

புதுச்சேரிக் கடற்கரை அரிக்கப்பட்டதற்கு 1980களில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் முக்கியக் காரணம். அங்கே கொட்டிய கருங்கற்கள் நகரைக் காக்கும். மண்ணுக்கடியில் வரும் உப்பைத் தடுக்காது. அதைத் தடுப்பது நன்னீரின் பாரம். அதைத் தருபவை ஏரிகள்.

புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைக்க 1999இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் திட்டம் தொடங்கி, ஏரிச் சங்கங்களும் அமைந்தன. திட்டம் முடிந்தாலும் தூர் வாரும் வேலை முடிவதில்லை. கடற்கரைக்குக் காட்டும் அக்கறையை, பெண்ணையாற்று நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலுக்கும் அரசு காட்ட வேண்டும் என்பதே என் கருத்து.

விவசாயிகளுக்கும் பொறுப்புண்டு. கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பிறகும், பரிசோதிக்க வேண்டும். குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். நீர் உவர்த்தால் குழாயை இன்னும் ஆழமாக இறக்குவது ஆபத்து, உப்புதான் ஏறும். சொர்ணவாரிப் பட்டத்தில் பம்புசெட்டை நம்பி நெல் நடுவதைக் குறைத்து, கேழ்வரகு போடலாம். நிலம் உவர்ந்திருந்தால் உடனே ஜிப்சம் இடவேண்டாம். ஜிப்சம் களர் நிலத்துக்கு உரியது. உவர் நிலத்துக்கு வேண்டியது நல்ல நீரும் வடிகாலுமே. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் நல்லது.

துருவத்துப் பனியை நாம் நிறுத்த முடியாது. ஐப்பசி மழையை ஏரியில் நிறுத்த முடியும். ஆவணிக்குள் வரத்து வாய்க்கால்களைச் செப்பனிட ஊர் கூடி முடிவு செய்யுங்கள்.