மூச்சு வாங்கினால் தழும்பு மட்டும்தான் காரணமா?

‘டி.பி. குணமாகி வருஷமாச்சு. ஆனாலும் மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது.’ பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. ‘நுரையீரல்ல தழும்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

தழும்பு விழுந்த நுரையீரலில் ரத்தக்குழாய்களும் கெட்டுப்போகலாம். அங்கே அழுத்தம் ஏறினால் இதயத்தின் வலது பக்கம் திணறும், கால் வீங்கும். எக்கோவில் சந்தேகம் வந்தால் உதவுவது ‘வி-க்யூ ஸ்கேன்’ என்ற அணு மருத்துவப் பரிசோதனை. நம்ம கோரிமேடு ஜிப்மரில் அணு மருத்துவத்துக்குத் தனித் துறையே இருக்கிறது.

டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் ஒட்டிய நுண்ணிய புரதத் துகள்களைக் கை நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். ரத்தம் போகும் இடமெல்லாம் காமா கேமராவில் தெரியும். (‘அணு’ என்றதும் கல்பாக்கம் ஞாபகம் வர வேண்டாம். டெக்னீசியத்தின் கதிர்வீச்சு 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும்.) காற்று போகும் இடங்களைத் தனியாகப் படம் எடுப்பார்கள். ஓரிடத்தில் இரண்டுமே குறைந்தால், தழும்பு காரணமாக இருக்கலாம். காற்று போய், ரத்தம் மட்டும் போகவில்லையென்றால் பழைய ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். தழும்பு அதிகமென்றால் பிரித்துச் சொல்வது சிரமம், சி.டி.யையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

தழும்பை அழிக்க மருந்து இல்லை. கட்டியென்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்டு. சிலருக்கு அறுவை சிகிச்சையில் எடுத்தும்விடலாம். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் ஸ்கேனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.