ஒரு மூட்டைக் கடலையின் கணக்கு

மைசூருக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்தைத் தவறவிடுவதில்லை. ரவிவர்மாவின் புராண நாயகிகள், ஹல்தங்கரின் விளக்கேந்திய பெண், உடையார் மன்னர்கள் என்று பார்க்க நிறைய உண்டு. அந்த அரண்மனைகளுக்குச் சோறு போட்ட வயல்களின் சுவடு வேண்டுமானால் மானசகங்கோத்ரிக்குப் போக வேண்டும். அங்கே ஜெயலட்சுமி விலாஸ் மாளிகையில் பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புறவியல் அருங்காட்சியகம் 1968 முதல் இருக்கிறது. உழவுக் கருவிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அவற்றைப் பிடித்தவர்கள் ராத்திரி என்ன சாப்பிட்டார்கள் என்பதைக் கருவிகள் சொல்வதில்லை.

அதைச் சொன்னவர் மைசூர்வாசியான கன்னட எழுத்தாளர் தேவனூரு மகாதேவ. நஞ்சன்கூடு வட்டத்து தேவனூரில் 1948-ல் பிறந்தவர். அவரது 'ஒடலாள' குறுநாவலில் சாக்கவ்வா என்ற தலித் கிழவியின் வீட்டுக்கு, ஊர்ப் பெரும்புள்ளியிடம் திருடிய ஒரு மூட்டை நிலக்கடலை வந்து சேர்கிறது. குடும்பமே சுற்றி உட்கார்ந்து விடிவதற்குள் தின்று தீர்க்கிறது. பிறகு போலீஸ் தேடி வருகிறது.

1857-ல் பிரெஞ்சு ஓவியர் மிலே, அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை வரைந்தபோது பாரிஸ் மேல்தட்டு முகம் சுளித்தது. இன்று அது உலகப் புகழ்பெற்ற படம். குனிந்த முதுகு, மங்கிய வெயில், மௌனம். உழைப்பாளி என்றால் கலை பெரும்பாலும் இப்படித்தான் காட்டுகிறது. மகாதேவாவின் மனிதர்களோ பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். வயிறு நிறைவதே அவர்களுக்குத் திருவிழா. விவசாயத்தின் விலைப்பட்டியலில் ஏறாத செலவு எது என்பதை அந்த ஒரு ராத்திரியின் குதூகலம் காட்டிக்கொடுத்து விடுகிறது. கடலையை விளைவிக்கும் சாதிக்கு, அதை வயிறாரத் தின்னத் திருட வேண்டியிருக்கிறது.

கதை பழசு, கணக்கு பழசாகவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்பவர்கள் சுமார் 11.9 கோடி, விவசாயக் கூலிகள் சுமார் 14.4 கோடி. ஆனாலும் 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித் திட்டம், நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்குத்தான். நிலமில்லாக் கூலிக்கு அதில் இடமில்லை.

சாக்கவ்வாக்களுக்குப் பட்டா கிடையாது. அரசாங்கக் காகிதத்தில் அவர்கள் பெயர் ஏறுவது கடலை காணாமல் போகும்போதுதான்.