ஞாயிறு அரைத்த மாவு

அலுவல் முடிந்து களைத்து வரும் அன்னையிடம், "இன்றிரவு என்ன சமையல்?" என்று நாள்தோறும் வினவுவது முறையன்று. ஞாயிறன்றே வீட்டார் அனைவரும் கூடி வார இரவுணவைத் திட்டமிடல் வேண்டும்.

நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, சிறிது வெந்தயம். அரைத்த மாவு பொங்கியதும் முதலில் இட்டலியாகும்; பின்னர்த் தோசையாகும்; புளிப்பு மிகுந்தால் வெங்காயம் தூவிய ஊத்தப்பமாகும். சென்னையில் மாவு பொங்க ஓரிரவு போதும். நாம் வாழும் தில்லியிலோ சனவரிக் குளிரில் மறுநாள் மாலைவரை காத்திருக்க நேரும். அக்காலத்தில் சனியன்றே அரைத்துவிடுதல் நன்று. எஞ்சிய நாள்களுக்குச் சப்பாத்தியும் பருப்பும் இருக்கவே இருக்கின்றன.

அரிசி களைதலும் வெங்காயம் உரித்தலும் உங்களால் இயலாதனவா? திட்டத்தாளில் அக்காள், தங்கை பெயர்களோடு அண்ணன், தம்பி பெயர்களையும் எழுதுங்கள்.